கரீம் உஸ்தா மூன்றாம் தடவை சொன்ன பதில்

1. முதல் நாள் பரீட்சை

தொழில் அனுபவம் எழுதுகிறவர்கள் எல்லோரும் "பெருமைக்காகச் சொல்லவில்லை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். துபாயில் பாரசீகத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்கிய பாளையங்கோட்டைக்காரி இன்னொருத்தி இருந்தால் முன்னால் வரட்டும், நான் ஒதுங்கி வழி விடுகிறேன்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் மெஷினில் போட்டு எடுத்துத் திருத்திக் கொடுக்கிறார்கள். தாராளமாகச் செய்யட்டும். ஆனால் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தைகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் மெஷினும் வழுக்கி விழும், படித்த மனுஷரும் வழுக்கி விழுவார். அந்த இடத்தில் எப்படிக் கால் ஊன்றி நிற்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பாரசீகம் வந்த கதை பெரிய கதை இல்லை. கல்யாணம் ஆகி துபாய்க்குப் போனதும் அங்கே தேரா பகுதியில் ஓர் ஈரானிய வியாபாரியிடம் செகரட்டரியாகச் சேர்ந்தேன். பிஸ்தா, உலர்ந்த திராட்சை, டயர் என்று எது கிடைத்தாலும் விற்கிற கம்பெனி. ஆபீஸை நடத்தியது முதலாளியின் மனைவி பர்வீன் கானும். கானும் என்றால் நாம் மேடம் என்கிறோமே, அதுதான். அந்த அம்மாவுக்குப் பாரசீகம் தவிர ஒரு வார்த்தை வராது. நான் கற்றுக்கொள்ளாவிட்டால் அந்த ஆபீஸில் எனக்கு வாயே இல்லை. வாய் இல்லாமல் இருக்க என்னால் முடியாது என்பது என் வீட்டுக்காரருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். அதனால் கற்றுக்கொண்டேன். பேசப் பழகி, பிறகு எழுதப் பழகி, பர்வீன் கானும் திட்டத் திட்டக் கையெழுத்தையும் சரி செய்தேன்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்களில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டு அவர்கள் ஈரானுக்கே போய்விட்டார்கள். நான் பர் துபாயில் ஒரு டிரான்ஸ்லேஷன் ஆபீஸில் வேலை கேட்டுப் போனேன். ஆபீஸ் நடத்தியவர் உஸ்மான் ஸார், சூடான்காரர். அரபி வேலையை அவர் பார்ப்பார், பாரசீகத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஒரு வியாபாரக் கடிதத்தைக் கொடுத்து, ஆங்கிலத்தில் போடச் சொன்னார். டயர் ஆர்டர் பற்றிய சாதாரணக் கடிதம்தான். கடைசியில் மட்டும் "கொர்பானெத் பெரம்" என்று முடிந்திருந்தது. சொல்லுக்குச் சொல் எடுத்தால், உனக்காக நான் பலியாகிறேன் என்று வரும். நான் அதை "அன்பான வணக்கங்களுடன்" என்கிற பொருளில் ஆங்கிலத்தில் முடித்துக் கொடுத்தேன்.

உஸ்மான் ஸாருக்குப் பாரசீகம் தெரியாது. ஆனால் அதில் இருந்த 'கொர்பான்' அரபியிலும் உண்டு. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார். "இங்க ஒரு பலி இருந்ததே, அது எங்க போச்சு?"

"ஸார், அதை அப்படியே எழுதினா வாங்குற வெள்ளைக்காரர் பயந்துபோய் போலீஸுக்குப் போன் பண்ணுவார். டயர் விக்காது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, நாளைக்கே டியூட்டிக்கு வரச் சொன்னார். நான் கதவு வரைக்கும் போனதும் மறுபடி கூப்பிட்டார். "கடிதம் வேற, வாக்குமூலம் வேற. ஒருத்தர் வாயால சொல்றதை நீ எழுதி நம்ம ஸ்டாம்ப் விழுந்தா, அதுல ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அங்க உன் சாமர்த்தியத்தைக் காட்டாதே." நான் சரி என்றேன். அந்தச் சொல்லை நான் கடைசி வரைக்கும் மீறவில்லை.

2. என் வீட்டுக்காரர் கட்டிக்கொண்டு வந்த வாட்ச்

நடந்த விஷயத்துக்குப் போவதற்கு முன்னால் 'தாரோஃப்' என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

தாரோஃப் என்பது ஈரான்காரர்களின் உபசாரம். டாக்ஸிக்காரரிடம் எவ்வளவு என்று கேட்டால், "உங்களுக்கு முன்னால இது ஒரு பொருட்டா" என்பார். அதற்காகக் காசு கொடுக்காமல் இறங்கிப் போய்விடக் கூடாது. வீட்டுக்கு வந்தவரிடம் பழத்தட்டை நீட்டினால் வேண்டாம் என்பார். அதற்காகத் தட்டை உள்ளே கொண்டுபோய்விடக் கூடாது. கொடுக்கிறவர் மூன்று தடவை கேட்க வேண்டும், வாங்குகிறவர் இரண்டு தடவை மறுக்க வேண்டும். முதல் தடவை கேட்பது கேட்டதில் சேர்த்தி இல்லை. முதல் தடவை மறுப்பதும் மறுத்ததில் சேர்த்தி இல்லை.

இது தெரியாமல் என் வீட்டுக்காரர் செய்த கூத்து ஒன்று உண்டு. அவர் ஏ.சி. டெக்னீஷியன். நான் தேராவில் வேலை பார்த்த காலத்தில், அந்த ஈரானிய முதலாளி வீட்டில் ஏ.சி. தண்ணீர் ஒழுகுகிறது என்று சரி செய்யப் போனார். வேலை முடிந்து டீ குடிக்கும்போது, முதலாளி கையில் கட்டியிருந்த வாட்ச் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று இந்தியில் சொல்லியிருக்கிறார். முதலாளி உடனே அதைக் கழற்றி, இது உங்களுடையதுதான் என்று நீட்டியிருக்கிறார். இவர் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டு வாசலிலேயே கையைத் தூக்கிக் காட்டி, "உங்க முதலாளி மாதிரி ஒரு மனுஷனப் பாத்ததே இல்லட்டி" என்றார்.

எனக்குத் தலை சுற்றிவிட்டது. "கூறு இருக்கா உங்களுக்கு? அது அவுக மரியாதைக்குச் சொல்லுதது. கழத்துங்க முதல்ல."

"அவரே கழத்திக் குடுத்தாரு, நான் என்ன பிடுங்கிட்டா வந்தேன்?"

மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திருப்பி வாங்குவதிலும் தாரோஃப் உண்டே. முதலாளி இரண்டு தடவை வேண்டவே வேண்டாம் என்றார். மூன்றாம் தடவை நான் மேஜைமேல் வைத்ததும் சட்டென்று எடுத்துக் கட்டிக்கொண்டார். மூலையில் உட்கார்ந்திருந்த பர்வீன் கானுமுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இதைச் சொன்னால் நம் ஆட்கள், ஐயோ என்ன போலி என்பார்கள். நாம் மட்டும் என்னவாம். கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போது கையை இலைக்குமேல் நீட்டி "போதும் போதும்" என்கிறோம். விரலுக்கு நடுவில் பாயசம் விழ இடம் விட்டுத்தான் நீட்டுகிறோம். பரிமாறுகிறவர் அதை நம்பிப் போய்விட்டால் அந்தக் கல்யாண வீட்டை ஒரு வருஷம் குறை சொல்வோம். எனக்குத் தாரோஃப் சீக்கிரம் பிடிபட்டதற்கு இதுதான் காரணம்.

3. திரும்பிப் போன டீ

ஷார்ஜா பக்கம் கடலோரத்தில் ஒரு கப்பல் ரிப்பேர் யார்டு. பெயர் வேண்டாம். அங்கே எச்.ஆர். ஆபீஸராக இருந்தவர் ராஜசேகர், கோயம்புத்தூர்க்காரர். எங்கள் ஆபீஸுக்கு அடிக்கடி வேலை கொடுக்கிறவர். ஒருநாள் காலையில் எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, ஒரு சின்ன வேலைங்க. ஈரான் ஆளு ஒருத்தர், நம்ம மெஷின் ஷாப்ல டர்னர். லேத்துல கை மாட்டிப்போச்சு. ஆபரேஷன் பண்ணலாம்னு டாக்டர் சொல்றாருங்க, இவரு வேண்டாங்கறாரு. நீங்க வந்து, அவரு வாயால சொல்றதை இங்கிலீஷ்ல எழுதி ஸ்டாம்ப் போட்டுக் குடுத்தீங்கன்னா, விசா கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிப்போடலாங்க. டிக்கெட்டும் போட்டாச்சு."

"வேண்டாம்னு யாருகிட்ட சொன்னாரு?"

"எங்க ஃபோர்மேன்கிட்டங்க. பாகிஸ்தான்காரரு. அவருக்குக் கொஞ்சம் அந்தப் பாஷை வரும்."

யார்டு வண்டியில் போகும்போதே ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் படித்தேன். ஆளின் பெயர் கரீம், ஊர் ஈரானில் புஷேர் என்கிற துறைமுகம். வலது கையில் நரம்பும் தசைநாரும் அறுந்திருக்கின்றன. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை, குத்தினால் தெரியவில்லை. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் தேற வாய்ப்பு உண்டு, தள்ளிப்போட்டால் அந்தக் கை அப்படியே நின்றுவிடும் என்று சர்ஜன் எழுதியிருந்தார். இன்ஷூரன்ஸ் அப்ரூவலும் வந்திருந்தது. அவர் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. லேத்தில் இரும்பு கடைகிற டர்னருக்கு வலது கை போனால் எந்த ஊரிலும் வேலை கிடையாது. விமானம் ஏறிவிட்டால் அவர் தொழில் அத்தோடு முடிந்தது.

மேனேஜர் அறை வாசலில் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். நரைத்த மீசை, படிய வாரிய தலை, கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட சட்டை. இடது கையில் தொப்பியைப் பிடித்து அதனால் வலது கையை மூடியிருந்தார். யார்டில் எல்லோரும் அவரை உஸ்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தொழில் தெரிந்தவருக்கு அங்கே அதுதான் பட்டம்.

என்னைப் பார்த்ததும் கதவைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "பெஃபர்மாயீத், கானும்" என்றார். தயவு செய்து நீங்கள் முன்னால் போங்கள் என்று அர்த்தம். நான் "நீங்க முன்னால" என்றேன். அவர் "உங்களுக்கு முன்னால நான் போறதா" என்றார். இப்படி நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நிற்க, ராஜசேகர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்கள் நடுவே புகுந்து தான் முதலில் உள்ளே போனார்.

உள்ளே டங்கன் என்கிற யார்டு மேனேஜர். ஸ்காட்லாந்துக்காரர், அதிகம் பேசாதவர், கெட்டவர் இல்லை. கரீம் உஸ்தா எல்லோரையும் பார்த்து "நீங்கள் களைத்துப் போகாமல் இருக்க வேண்டும்" என்று வாழ்த்திவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டீ வந்தது. தட்டை அவர் பக்கம் நீட்டியதும் இடது கையை நெஞ்சில் வைத்து, ஆச்சு ஆச்சு என்கிற மாதிரித் தலையை அசைத்தார். டீ கொண்டுவந்தவர் சரி என்று தட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கதவு சாத்துகிற வரைக்கும் உஸ்தாவின் கண் அந்தத் தட்டின் பின்னாலேயே போனது. அறையில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

டங்கன் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஆபரேஷன் பண்ணிக்க அவருக்கு விருப்பமான்னு கேளுங்க. கம்பெனி எல்லாம் ஏற்பாடு செய்யும்."

நான் கேட்டேன். கரீம் உஸ்தா எழுந்து நின்று, இப்படிச் சொன்னார். "உங்களுக்குப் பெரிய மனசு. உங்களைச் சிரமப்படுத்த எனக்குச் சம்மதம் இல்லை. உங்க கை வலிக்காம இருக்கட்டும்."

நன்றி சொல்வதற்குப் பாரசீகத்தில் தினமும் சொல்கிற வார்த்தை அந்தக் கடைசி வார்த்தை. கடையில் மிச்சச் சில்லறை கொடுத்தால்கூடச் சொல்வார்கள். ஆனால் ஒரு கை செத்துப் போன மனுஷர், அதைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரின் கை வலிக்கக் கூடாது என்கிறார். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லுக்குச் சொல் சொன்னேன்.

டங்கன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "என் கைக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். பிறகு, "சரி. அவர் கை, அவர் முடிவு. நான் அதை மதிக்கிறேன்" என்றார். ராஜசேகர் ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்த ஸ்டேட்மென்டை மேஜைமேல் நகர்த்தினார். எனக்கு ஆபரேஷன் வேண்டாம், என் விருப்பப்படி ஊருக்குப் போகிறேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவும் பக்கத்தில் இருந்தது.

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது, சரி. சொல்லி முடித்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று யாரும் எனக்கு விதி போடவில்லை. ஆனால் மொழிபெயர்க்கிறவர் தன் பேச்சைப் பேசினால் இரண்டு பக்கத்துக்கும் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். அதனால் முதலில் உஸ்தாவிடம், "நம்ம பேச்சு வழக்கத்தைப் பத்தி இவர்கிட்ட ரெண்டு வார்த்தை சொல்லப் போறேன், உத்தரவு உண்டா?" என்று கேட்டேன். "அதிகாரம் உங்களுடையது, கானும்" என்றார். அதுவும் தாரோஃப்தான், வேறு என்ன.

டங்கனிடம் திரும்பினேன். "ஸார், அவர் சொன்ன வார்த்தைகளை உங்ககிட்ட குடுத்துட்டேன். ஆனா உங்க கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லலை."

ராஜசேகர் தமிழில் பாய்ந்தார். "ஏனுங்க்கா, சம்மதம் இல்லைன்னு இப்பத்தானே நீங்களே சொன்னீங்க? உங்க வேலை சொல்றதைச் சொல்றதுங்க."

"தம்பி, கொஞ்சம் பொறுங்க. வேலைய எனக்குச் சொல்லித் தரவேண்டாம். ஒருத்தர் வாழ்க்கை இது. அஞ்சு நிமிஷம் குடுங்க, ஒண்ணும் குடி முழுகாது."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும். நான் டங்கனிடம், "ஆபரேஷனை இப்போதைக்கு விடுங்க. டீயை இன்னொரு தடவை கேளுங்க" என்றேன்.

டங்கன் புருவத்தைத் தூக்கினார். ஆனாலும் கேட்டார். உஸ்தா மறுபடி நெஞ்சில் கை வைத்தார். "இன்னும் ஒரு தடவை" என்றேன். டங்கன் இந்தத் தடவை தானே எழுந்து வெளியே போய், ஒரு கப் டீ எடுத்து வந்து உஸ்தாவின் முன்னால் வைத்தார். கரீம் உஸ்தா எழுந்து நின்று, தலையைக் குனிந்து, உட்கார்ந்து, இடது கையால் கப்பை எடுத்தார். கீழே வைக்கும்போது அதில் ஒரு சொட்டு இல்லை.

டங்கன் அந்தக் காலி கப்பை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

4. நாற்காலியை இழுத்துப் போட்டு

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. டங்கன் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி, அதற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

"டீ வேற, கத்தி வேற. வேண்டாம்னு சொல்ற ஆளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, மேனேஜர் கட்டாயப்படுத்தினார்னு நாளைக்கு யாராவது சொன்னா?"

"சம்மதிக்க வைக்க வேண்டாம் ஸார். நீங்க நிஜமாத்தான் கேக்கறீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும். அவங்க வழக்கத்துல ஒரு தடவை கேட்டா அது வாய் உபசாரம். அதை நம்பி ஒத்துக்கிட்டா அவர் மரியாதை தெரியாதவர் ஆயிடுவார். மூணாவது தடவையும் வேண்டாம்னா, நானே எழுதி ஸ்டாம்ப் போடறேன்."

இதையெல்லாம் உஸ்தாவுக்கு அப்படியே மொழிபெயர்த்து, நீங்கள் சொன்னது வெறும் உபசாரம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன் என்று போட்டு உடைத்தால், அவர் மானம் போய்விடும். பிறகு வீம்புக்காகவே வேண்டாம் என்பார். அதனால், "உங்க ஊர்ல பெரியவங்களை எப்படிக் கேக்கணுமோ அப்படிக் கேக்கச் சொல்லியிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். அவர் மீசைக்குள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

டங்கன் இரண்டாம் தடவை கேட்டார். கம்பெனிக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை என்றார். உஸ்தா, "உங்க நிழல் எங்க தலைமேல குறையாம இருக்கட்டும். கடவுள் பெரியவர். எப்படியோ பாத்துக்குவேன்" என்றார். அப்படியே ஆங்கிலத்தில் கொடுத்தேன். ராஜசேகர் பெருமூச்சு விட்டார். மூன்றாம் தடவையும் இதே மாதிரி ஒன்று வந்தால், நான் கொடுத்த வாக்குப்படி என் கையாலேயே அவரை ஊருக்கு அனுப்பும் காகிதத்தில் ஸ்டாம்ப் குத்த வேண்டும்.

டங்கன் மேஜையைச் சுற்றி வந்தார். ஒரு நாற்காலியை இழுத்து உஸ்தாவுக்கு எதிரில் போட்டு, முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரைக்கும் என்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக உஸ்தாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நானும் லேத்துல நின்னு வந்தவன்தான். இந்தக் கையோட உங்களை அனுப்பிட்டு, நாளைக்கு எந்த முகத்தோட நான் மெஷின் ஷாப்புக்குள்ள போவேன்? ஆபரேஷன் பண்ணிக்கோங்க."

இப்போது என் பாடு. லேத்தும் முகமும் பாரசீகத்தில் அழகாக உட்கார்ந்துவிடும். கடைசி வார்த்தைதான் கஷ்டம். ஆங்கிலத்தில் அது அக்கறை. அப்படியே பாரசீகத்தில் போட்டால் மேனேஜர் போட்ட உத்தரவு. உத்தரவு என்றால் உஸ்தா தலையாட்டுவார், டங்கன் பயந்த கட்டாயம் அதுதான். ரொம்ப இழைத்து மரியாதை பூசினாலோ, இன்னொரு வாய் உபசாரம் என்று அவர் மறுத்துவிடுவார். பாரசீகத்தில் ஒரு பேச்சு உண்டு. "மென்னத் சரெ மன் பெஸார்" என்பார்கள். உனக்கு நான் செய்கிறேன் என்று இல்லாமல், எனக்கு நீ உதவி செய், நான் உனக்குக் கடமைப்படுகிறேன் என்று தலையைக் குனிந்து கேட்கிற பேச்சு. வீட்டு மனுஷர்களுக்குள்தான் அதை மனசோடு சொல்வார்கள்.

நான் டங்கனிடம், "கடைசி வாக்கியத்தை, 'இதைச் செஞ்சு எனக்கு உதவி பண்ணுங்க'ன்னு சொல்லலாமா? உங்க மனசுல இருக்கிறது அதுதானா?" என்று கேட்டேன்.

"அதேதான்" என்றார். "நான் சொன்னதைவிட அதுதான் சரி."

நான் சொன்னேன். குரலைத் தாழ்த்தி, டங்கன் பேசிய வேகத்திலேயே, அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்திச் சொன்னேன். ஒரு ஸ்காட்லாந்துக்காரரை அன்றைக்கு நான் முழு மனுஷராகப் பாரசீகத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தேன். என் தொழிலில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

வெளியே கிரைண்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கரீம் உஸ்தா தொப்பியை எடுத்து மடியில் வைத்துவிட்டு, வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். இரண்டு விரலும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு கிடந்தன.

"கானும், அவர்கிட்ட சொல்லுங்க. என்னால சட்டை பட்டன் போட முடியலை. ரூம்ல கூட இருக்கிறவர் தினமும் காலையில போட்டு விடறார். இந்த வயசுல எனக்கு வெக்கமா இருக்கு. கத்தின்னா பயம். ஆனா ஆபரேஷன் வேணும்."

ஒரு உபசார வார்த்தை அதில் இல்லை. நானும் அப்படியே ஆங்கிலத்தில் வைத்தேன். டங்கன் அவர் தோளில் கை வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். ராஜசேகர் அந்த ஸ்டேட்மென்டை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, டிக்கெட்டைக் கேன்சல் செய்யப் போனை எடுத்தார். சம்மதப் படிவத்தை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சர்ஜன் முன்னால் மறுபடி ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கினோம். இடது கையால்தான் போட்டார்.

திரும்பும்போது வண்டி வரைக்கும் வந்த ராஜசேகர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்கய்யனும் இப்படித்தானுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, டாக்டர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டவுடனே, நல்லாருக்கேனுங்க, உங்க புண்ணியத்துலன்னு சொல்லிப்போடுவாரு. வீட்டுக்கு வந்து ராத்திரியெல்லாம் முனகுவாரு. டாக்டரும் நல்லாருக்காருன்னே எழுதிட்டு இருக்காரு."

"அப்ப இன்னைக்கே ஊருக்குப் போன் போடுங்க. டாக்டர மூணு தடவ கேக்கச் சொல்லுங்க."

"போடறேனுங்க்கா" என்றார்.

5. ஊசி

ஆபீஸுக்கு வந்ததும் உஸ்மான் ஸார் கேட்டது ஒரே கேள்வி. "ஏதாவது கூட்டினியா?"

"கேட்ட கேள்வியை மூணு தடவை கேக்க வச்சேன். பதில்ல ஒரு சொல்லும் கூட்டலை. என் பேச்சைப் பேசினப்போ ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் பேசினேன்." நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வேலை, விபத்து வேலை எது வந்தாலும் பாரசீகம் என்றால் என்னைத்தான் அனுப்பினார். அரபி வேலைக்குப் போகிற பையன்களையும், "இந்த அம்மாகிட்ட கேட்டுட்டுப் போ" என்பார். கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பதிலை மொழிபெயர்த்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கேட்டவர் கேட்கிற முறையில் கேட்டாரா, அந்த மனுஷருக்கு நிஜத்தைச் சொல்ல வழி இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் கையைத் தூக்கிச் சொல்லுங்கள். கஸ்டமர் முகம் சுளிப்பார். ஒரு மனுஷர் கையைவிட அவர் முகம் பெரிதில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் விரலுக்கு உணர்ச்சி வருமா என்று பல மாதம் தெரியவில்லை. செக்கப்புக்கெல்லாம் நான்தான் கூடப் போனேன். சர்ஜன் எகிப்து நாட்டு அம்மா. ஊசியால் விரல் நுனியைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். உஸ்தா ஒவ்வொரு தடவையும், "ரொம்ப நல்லா இருக்கு டாக்டர், உங்க புண்ணியம்" என்பார். அந்த அம்மா சந்தோஷப்பட்டு எழுதப் போவார். நான், "கண்ணை மூடச் சொல்லிட்டு இன்னொரு தடவை பாருங்க டாக்டர்" என்பேன். கண்ணை மூடினால் அவருக்கு எந்த விரலைத் தொடுகிறார்கள் என்றே தெரியாது. டாக்டரின் முகம் வாடிப்போகும்.

கடைசியில் ஒருநாள், வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் மோதிர விரலில் ஊசியை வைத்தார். ஒன்றும் இல்லை. கொஞ்சம் அழுத்தினார். ஒன்றும் இல்லை. சலித்துப்போய் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். உஸ்தா கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, புஷேர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் சொல்கிற ஒரு கெட்ட வார்த்தையை டாக்டரைப் பார்த்துச் சொன்னார்.

டாக்டர் என்னிடம் கேட்டார். "என்ன சொல்றார்? நிஜமா வலிக்குதா, இல்ல என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்றாரா?"

"சந்தோஷப்படுத்த இல்லை டாக்டர்" என்றேன். அந்த வார்த்தையை எழுத்து விடாமல் நல்ல ஆங்கிலத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு, உஸ்தாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.